அணையாத மஞ்சள் விளக்கு

வண்டியோடு ஏபிஎஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். அது செத்துப்போனால் பில்லைக் கட்டுவது யார்?

சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து. வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைந்துவிடும். ஐந்து வருடமாக என் வண்டியில் அது ஒழுங்காக அணைந்துகொண்டிருந்ததால், அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். 2024 ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை, தெருமுனை தாண்டியும் விளக்கு அணையவில்லை. மெயின் ரோடு வந்தும் அணையவில்லை. அலுவலகத்தில் வண்டியை நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டே போனேன். பிரேக் என்னவோ வழக்கம்போலத்தான் பிடித்தது.

மாலையில் சர்வீஸ் சென்டர். சட்டையில் நிறுவனப் பெயர் தைத்த இளைஞர் ஒருவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் எஸ்டிமேட்டோடு வந்தார். ஏபிஎஸ் மாட்யூல், வரி, கூலி எல்லாம் சேர்த்து 21,800 ரூபாய்.

"வாரன்டி முடிஞ்சிருச்சு சார். பார்ட் ஆர்டர் போடணும், முழுசா அட்வான்ஸ் கட்டணும்."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"சீல் பண்ண யூனிட் சார். பிரிக்க மாட்டோம், மாத்தத்தான் செய்வோம்."

ஸ்கேனர் என்ன கோடு காட்டியது என்று கேட்டேன். "அது சிஸ்டத்துல இருக்கு சார்" என்றார். வைத்தியர் எழுதும் மருந்துச் சீட்டாவது கையில் கிடைக்கும். இங்கே நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த யோசனை பல வாரம் நீண்டு, மெக்கானிக்குகளிடமும் மேனுவல்களிலும் நுகர்வோர் சட்டத்திலும் போய் நின்றது. அதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

பூட்டும் சக்கரம்

மழை ஈரத்திலோ, சாலையில் கொட்டிய எம்சாண்டிலோ முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும், வண்டி நிற்காது. சுழலாத சக்கரத்துக்குத் திசை கிடையாது, ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. காரென்றால் நான்கு சக்கரத்தில் சறுக்கிக்கொண்டு போகும். இரு சக்கர வண்டியில் முன்சக்கரம் பூட்டினால், என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஓட்டுபவர் தரையில் கிடப்பார்.

ஏபிஎஸ் செய்வது இதுதான். சக்கரத்தோடு சேர்ந்து பல் வெட்டிய ஒரு வளையம் சுற்றுகிறது. அதன் அருகே, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்சார், கடந்துபோகும் பற்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை திடீரென்று சரிந்தால் சக்கரம் பூட்டப் போகிறது என்று பொருள். உடனே மாட்யூலுக்குள் இருக்கும் வால்வு காலிப்பருக்குப் போகும் பிரேக் ஆயிலை அடைக்கிறது. இன்னொரு வால்வு கொஞ்சம் ஆயிலை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. குட்டி மோட்டார் ஒன்று அதைத் திரும்ப மேலே தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இது நடக்கும். அந்தச் சமயத்தில் விரலுக்கடியில் லீவர் துடிக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. விமானச் சக்கரங்களுக்காக டன்லப் நிறுவனம் செய்த மாக்ஸரெட் என்ற கருவியை, 1958ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சி நிலையம் ஒரு மோட்டார் சைக்கிளில் பூட்டிச் சோதித்தது. அந்த வண்டி, ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார். ஈரச் சாலையில் கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன் ஜோன்ஸ் அதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக நினைக்கவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1955ல், அதே நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து இங்கே புல்லட்டுக்கு வழி செய்திருந்தது. அன்று அவர் தலையாட்டியிருந்தால் நம் தாத்தாக்களின் புல்லட்டிலும் அந்த விளக்கு எரிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

அதன்பின் 30 வருடம் போனது. 1988ல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசையில் மின்னணு ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பின் எடை மட்டும் ஏறத்தாழ 11 கிலோ. 2010 வாக்கில் பாஷ் நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கென்றே வடிவமைத்த யூனிட் சுமார் 700 கிராமுக்கு வந்துவிட்டது. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 2011ல் அபாச்சே ஆர்டிஆர் 180ஐ ஏபிஎஸ்ஸோடு இறக்கியது. இந்திய நிறுவனம் ஒன்றின் முதல் ஏபிஎஸ் பைக் அதுதான்.

பலன் உண்டா? அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம், ஒரே மாடலை ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று ஒப்பிட்டுப் பார்த்தது. உள்ள வண்டிகளில் உயிரிழப்பு விபத்து விகிதம் 31 சதவீதம் குறைவு என்று 2013ல் சொன்னது. பிற்பாடு கூடுதல் தரவுகளோடு பார்த்தபோது அது 22 சதவீதமானது. இறங்கிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2022ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்தக் கூட்டத்தில் நூற்றுக்குச் சிலரைக் காப்பாற்றும் கருவி என்றாலும் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

பதினைந்து வருட மௌனம்

125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. சிறிய வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். அவற்றுக்கும் ஏபிஎஸ்ஸை நீட்டிக்கும் வரைவு அறிவிப்பை ஒன்றிய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஷோரூம் வாசலோடு நின்றுவிடுகிறது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருடம் செல்லும். அதுவரை யாரும் அதை முறையாகச் சோதிப்பதில்லை. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் சைலன்சருக்குள் குழாயை விடுவார்கள். மீட்டரை எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஹெல்மெட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் வண்டியை ஓரங்கட்டும் போலீஸ்காரர் அந்த மஞ்சள் விளக்கைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2019 வசந்தத்துக்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கு இப்போதுதான் வாரன்டி தீர்ந்து வயசாகத் தொடங்கியிருக்கிறது. விளக்கு எரிய எரிய ஓடும் வண்டி எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிகளின் மீட்டரைப் பாருங்கள். நான் பார்க்க ஆரம்பித்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியாகச் சாகிற ஆள்

சென்னை ஜிபி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு மெக்கானிக். வயது அறுபதை நெருங்கும். ஸ்பேர் கடைக்காரர்தான் அவரிடம் அனுப்பினார். எஸ்டிமேட்டைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் பையிலேயே செருகினார்.

"மாட்யூலு கடைசியாச் சாவுற ஆளு தம்பி. முதல்ல சாவுறது கம்பி, அப்புறம் சென்சாரு, அப்புறம் பேட்டரி. இவங்க கடைசி ஆளை முதல்ல பொதைக்கச் சொல்றாங்க. டயர் எப்ப மாத்துன?"

விளக்கு எரிந்த அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை இரவு மாற்றியிருந்தேன். கடையிலிருந்து வீடு அரை கிலோமீட்டர், கொட்டும் மழை. மீட்டரைப் பார்த்திருக்க மாட்டேன். அவர் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முக்கால் சுற்று தாராளமாகப் போனது. ஓரிடத்தில் கார்டு இறுகி நின்றது. எதிர்ப்பக்கம் இடைவெளி அகன்று கிடந்தது. டயரைக் கழற்றும்போது சக்கரத்தை டிஸ்க் பக்கம் தரையில் படும்படி போட்டு மிதித்திருக்கிறார்கள், வளையம் வளைந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் சில பற்களை சென்சார் எண்ணத் தவறியது. கணக்கு உதைத்ததும் ஏபிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிட்டது. அதைச் செய்யத்தான் அதை உருவாக்கினார்கள்.

புது வளையம் 680 ரூபாய். கூலி 300. விளக்கு அணைந்தது.

சர்வீஸ் சென்டர் என்னை ஏமாற்ற நினைத்தது என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்த இளைஞருக்கு ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு இருந்திருக்கும். ஸ்கேனர் 'முன்சக்கர வேக சிக்னல்' என்று சொன்னால், அதில் வளையமும் அடங்கும், சென்சாரும் அடங்கும், கம்பியும் அடங்கும், சிக்னலை வாங்கும் மாட்யூலும் அடங்கும். குனிந்து பார்க்க நேரமில்லாதவருக்கு மாட்யூலை மாற்றுவது சுலபம். செலவு அவருடையது இல்லையே.

விளக்கு எரிந்தால் சந்தேகப்பட வேண்டிய வரிசையை அந்த மெக்கானிக் சொல்லக் கேட்டு எழுதிவைத்தேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தை மட்டும் ஓட்டியிருந்தால், முன்சக்கரம் நிற்கப் பின்சக்கரம் ஓடுகிறதே என்று குழம்பி விளக்கு ஏறும். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் போய்விடும். பேட்டரி தளர்ந்து செல்ஃப் எடுக்கும்போது மின்னழுத்தம் விழுந்தாலும் ஏறும். அளவு மாறிய டயர் போட்டாலும் ஏறலாம். ஃபியூஸ், சென்சார் முனையில் அப்பிய சேறும் இரும்புத் தூளும், ஃபோர்க்கோடு மேலும் கீழும் ஆடி ஆடி உள்ளுக்குள் அறுந்த கம்பி, தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர். கடைசியாகச் சொன்னதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சீட்டுவரை மூழ்கிய வண்டிகளை எஞ்சினைக் கழுவி, ஆயில் மாற்றி ஓட்டினோம். கனெக்டர்களைக் கழற்றித் துடைத்தவர் எத்தனை பேர்? செம்புக்கு ஞாபகசக்தி அதிகம். மாதங்கள் கழித்துக் கணக்குத் தீர்க்கும்.

இவை எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் மாட்யூலைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, சில நேரம் அது நிஜமாகவே செத்திருக்கும்.

இருநூறு ரூபாய் ஆயில்

என் தங்கை கணவருக்கு நேர்ந்தது அதுதான். நாகர்கோவிலில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று தினமும் பைக்கில்தான் சுற்று. 2020ல் வாங்கிய வண்டி. நீட்டித்த வாரன்டி முடிந்து நாலு மாதத்தில் விளக்கு எரிந்தது. என் அனுபவத்தால் ஊறிப்போன நான் போனிலேயே வைத்தியம் சொன்னேன்: வளையத்தைப் பார், கம்பியைப் பார், பேட்டரியைப் பார். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு வெவ்வேறு இடத்தில் ஸ்கேன் செய்தும் ஒரே பதில்: வால்வு. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து போட்டோ அனுப்பினார். ரசவண்டல் போலக் கறுத்திருந்தது.

டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடியே இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். புதிய டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த வரையறை 155க்கு இறங்கிவிடுகிறது. அதனால் மலையிறக்கத்தில் பிரேக் தொய்யும் என்பது பழைய கவலை. ஏபிஎஸ் வந்தபின் இன்னொரு கவலை சேர்ந்தது. மாட்யூலுக்குள் இருப்பவை ஊசிமுனை வழிகள், மெல்லிய வால்வுகள். ஈரம் அரித்த துகளும் பழைய ஆயிலின் படிவும் போய் உட்காரும் இடம் அதுதான். எப்போதாவதுதான் அசைகிற வால்வு ஒருநாள் அசையவே அசையாது.

இதை ஏதோ கடலோரத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஹார்லி டேவிட்சன் மீது விசாரணை தொடங்கியது. 2008 முதல் 2011 வரையிலான, ஏபிஎஸ் பூட்டிய சுமார் 4,30,000 வண்டிகள் அதன் வரம்புக்குள் வந்தன. முன்னறிவிப்பே இல்லாமல் பிரேக் போய்விட்டது என்று 43 புகார்கள், மூன்று விபத்துகள். காரணம் தேடிப் போனால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்த பிரேக் ஆயிலைப் பலர் மாற்றவே இல்லை. ஏபிஎஸ் வால்வில் படிவு ஏறி அது மாட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றாதது உரிமையாளர் தவறுதானே என்று நிறுவனம் நிற்கலாம். ஆனால் பராமரிக்காத பிரேக் தளரலாம், ஒரேயடியாகக் காணாமல் போகலாமா என்பது எதிர்க்கேள்வி. 2018 பிப்ரவரியில் ஹார்லி அமெரிக்காவில் மட்டும் 1,74,636 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இலவசமாக ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த வைத்தியம் அவ்வளவுதான்.

பிஎம்டபிள்யூவின் கதை வேறு ரகம். 2001 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த ஏபிஎஸ், மின்மோட்டாரே பிரேக்கை அழுத்திக் கொடுக்கும் சர்வோ வகை. ஒரு விரலால் தொட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் ஊளையிடுவது கேட்கும். யூனிட் போய்விட்டால் சர்வோவும் சேர்ந்து போகும். மிச்சமிருக்கும் பிரேக்குக்கு முழுக் கைப்பலமும் வேண்டும். புது யூனிட்டின் விலை, பத்து வயது வண்டியின் சந்தை விலையோடு போட்டி போட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல உரிமையாளர்கள் யூனிட்டைப் பிடுங்கிவிட்டுச் சாதாரணக் குழாய் மாட்டினார்கள். பழைய யூனிட்டைப் பிரித்துச் சரிசெய்து தருவதே சிலருக்குத் தொழிலானது. ஐந்தாறு வருடத்தில் நிறுவனமே சர்வோவைக் கைவிட்டு எளிய அமைப்புக்கு மாறிக்கொண்டது. அதற்குள் விற்றுப்போன வண்டிகளின் தலைவலி வாங்கியவர்களோடு தங்கிவிட்டது.

நம்மூர் வண்டிகளில் சர்வோ கிடையாது. ஏபிஎஸ் செத்தாலும் பெரும்பாலும் சாதாரண பிரேக் மிஞ்சும். அது ஆறுதல்தான். விளக்கை அலட்சியப்படுத்தத் தூண்டுவதும் அந்த ஆறுதல்தான்.

மாப்பிள்ளையின் நான்கு வழிகள்

செத்த மாட்யூலோடு அவர் முன்னால் சில வழிகள் இருந்தன. புதிது வாங்கினால் ஏறக்குறைய இருபதாயிரம். புதுப்பேட்டையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றியது கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் என்றேன், அடுத்த நிமிடமே வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த வண்டி எத்தனை நாள் மழையில் கிடந்ததோ, அதன் ஆயில் எப்போது மாறியதோ, யாருக்குத் தெரியும்? பார்க்க ஒன்றுபோல இருக்கும் யூனிட்டுக்குள் வேறு மாடலின் புரோகிராம் இருக்கலாம். காரின் மின்னணு போர்டுகளைச் சால்டர் வைத்துச் சரிசெய்யும் கைதேர்ந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் பழுது போர்டில் இருந்தால்தான் அவர்களால் பயன். வால்வு இறுகியதற்கு அவர்களிடம் மருந்து இல்லை. வடித்து வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஸ்கேனரால் வால்வைத் தட்டித் தட்டி எழுப்பிப் பார்த்தார்கள். எழவில்லை.

கடைசியில் ஊர் மெக்கானிக் ஒருவர் 1,500 ரூபாயில் பைபாஸ் செய்து கொடுத்தார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பருக்கு நேராக ஒரு குழாய். மீட்டர் விளக்கின் மேல் கறுப்பு டேப்.

ஆனி மாதச் சாரலில் நான் அந்த வண்டியை ஓட்டினேன். பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே ஆட்டோ ஒன்று சட்டென்று நிற்க, இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பின்சக்கரம் பக்கவாட்டில் ஓர் அடி ஒதுங்கியது. ஆட்டோவில் மோதவில்லை. இருபத்தைந்து வருடம் ஏபிஎஸ் இல்லாத வண்டி ஓட்டிய கைதான் இது. ஆனால் ஐந்து வருடப் பழக்கத்தில் அந்தக் கை சோம்பிவிட்டிருந்தது. பிரேக்கை எண்ணி எண்ணிப் பிடிக்கும் பயத்தை அது மறந்திருந்தது. பைபாஸில் நான் பார்க்கும் பெரிய ஆபத்து இதுதான். சட்டச் சிக்கலும் உண்டு: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்து, சர்வேயர் குழாயைத் தடவிப் பார்த்தால் இன்சூரன்ஸ் கோரிக்கை இடறலாம். இன்சூரன்ஸைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் தானாகப் பழுதான மாட்யூலுக்குப் பணம் வராது. மோதி உடைந்தால்தான் வரும்.

அன்று இரவு அவருடைய சர்வீஸ் பில்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தோம். ஒன்றுவிடாமல் அங்கீகரித்த சர்வீஸ் சென்டரிலேயே விட்டிருக்கிறார். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், செயின் ஸ்ப்ரே, வாட்டர் வாஷ், எதற்கென்றே புரியாத 'கன்ஸ்யூமபிள்ஸ்'. ஐந்து வருடத்தில் ஒரு பில்லில்கூட பிரேக் ஆயில் மாற்றியதாக இல்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அரை லிட்டர் பாட்டில் இருநூறு, முந்நூறு ரூபாய். அதை ஊற்றாமல் விட்டவர்கள்தான் இப்போது இருபதாயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டியிருந்தார்கள்.

இதுதான் எங்களுக்குக் கிடைத்த பிடி. நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினோம். திட்டி எழுதவில்லை. பில்கள், கையேட்டின் அந்தப் பக்கம், ஸ்கேனர் காட்டிய கோடு, ஓடிய கிலோமீட்டர், வாரன்டி முடிந்த தேதி. உங்கள் அட்டவணையை உங்கள் சென்டரே பின்பற்றவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். வாரன்டி முடிந்த பிறகும் நிறுவனங்கள் சில நேரம் செலவில் பங்கேற்பது உண்டு, 'குட்வில்' என்பார்கள். கேட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் தயாராக வைத்திருந்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அங்கே பதிவு. அதன் பிறகு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள், வசிக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அங்கே கோபம் எடுபடாது, காகிதம்தான் எடுபடும். அதனால்தான் ஸ்கேனர் கோடை எழுத்தில் வாங்குங்கள், மாற்றினால் பழைய யூனிட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே மாடலில் ஒரே பழுது பலருக்கு வந்தால் அது தனிக்கதை. வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்கான, மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின் விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். விற்பனை அளவுக்கேற்ற எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் அந்தச் சக்கரம் சுழலும். டீக்கடையில் புலம்பிய புகார்கள் அந்தக் கணக்கில் வராது.

பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஒரு தளம் திறந்தது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால் 'பிரிக்க மாட்டோம், மாத்தத்தான் செய்வோம்' என்கிற சீல் வைத்த டப்பாவுக்குள் அந்த உரிமை இன்னும் நுழையவில்லை. வால்வு கட்டையும் மின்னணு போர்டும் தனித்தனியாக விலைக்குக் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைக் கட்டாயமாக்கக் கோருவதில் தவறில்லை. உயிர் காக்கும் கருவி என்று சொல்லித்தானே அதை வண்டியோடு சேர்த்து விற்கச் சட்டமே போட்டார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி மீட்டரைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுதான் மோசமான செய்தி. யாரோ கம்பியைப் பிடுங்கியிருக்கிறார்கள். எரிந்து, ஓட்டியபின் அணைந்தால் பேரம் பேசலாம். அணையாவிட்டால் இருபதாயிரத்தைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

மின்னஞ்சலுக்குப் பதினெட்டு நாளில் பதில் வந்தது. மாட்யூல் விலையில் பாதியை நிறுவனம் ஏற்கும், மீதியும் கூலியும் நம்முடையது. வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. புது யூனிட் பூட்டி, ஸ்கேனர் வைத்துக் காற்றை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றினார்கள். அதை மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்ததாக மாப்பிள்ளை சொன்னார். கறுப்பு டேப்பை உரித்த இடத்தில் பிசின் மட்டும் போகவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு மழைநாள் மாலை போன் வந்தது. தக்கலை பக்கம் மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டதாம்.

"மச்சான், வண்டி நின்னுட்டு. ஆனா பிரேக் பிடிச்சப்போ லீவர் கடகடன்னு கையைத் தள்ளுச்சு. மறுபடியும் போயிட்டா?"

ஐந்து வருடமாக ஏபிஎஸ் வண்டி ஓட்டுகிறவர். அது வேலை செய்வதை அன்றுதான் முதல்முறை கையால் உணர்ந்திருக்கிறார்.

"விளக்கு எரியுதா மாப்ள?"

"இல்ல."

"அப்போ அதுதான் அது."